முதுகில் ஒரு தட்டு

பேராசிரியர் சேஷாத்ரி யாரிடமும் சாதி கேட்க மாட்டார். பல்கலைக்கழகச் சமத்துவக் குழுவின் தலைவராயிற்றே! மேடைக்கு மேடை இதைச் சொல்லியே பொன்னாடை வாங்குகிறவர்.

அவரிடம் பிஎச்.டி.க்கு இரண்டு இடம் காலி. நேர்காணலுக்குப் போன மூன்று பேரும் முகம் தொங்க வெளியே வந்தார்கள். முதலில் "வாப்பா" என்று முதுகில் தட்டினாராம். அப்புறம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுப் பிழிந்தெடுத்துவிட்டாராம்.

அதைக் கேட்ட பாலகணேஷ், கேன்டீன் பக்கம் ஓடிவிட்டு வந்து உள்ளே போனான்.

"வாப்பா, வா!" எழுந்து வந்து தட்டினார். கை இடது தோளிலிருந்து இறங்கி, நடுமுதுகில் ஒரு கணம் நின்றது. முகம் மலர்ந்தது.

"காபி சாப்பிடறியா? உனக்குக் கேள்வியெல்லாம் எதுக்கு? பார்த்தாலே தெரியறதே! திங்கட்கிழமை வந்து சேர்ந்துடு."

பவ்யமாகக் கும்பிட்டு வெளியே வந்தவன், அடுத்துப் போகவேண்டிய கனகராஜை மாடிப்படி மறைவுக்கு இழுத்துப் போனான். சட்டைக்குள் கைவிட்டு, பொட்டலம் கட்டும் வெள்ளை நூலை உருவினான்.

"இந்தா, இடது தோள் மேல குறுக்கப் போட்டுக்கோ."

"இன்னாத்துக்குடா?"

"அந்தாளு யாரையும் சாதி கேக்கமாட்டாரு மச்சி. தடவித்தான் பாப்பாரு."