லைன்லயே இரு தம்பி

"கொஞ்சம் இரு தம்பி, கண்ணாடி போட்டுக்கினு வர்றேன். போனை வெச்சிடாதே."

கரும்புக் கொல்லையிலிருந்து வந்த விருத்தாசலம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

ஜன்னல் ஓரத்தில் செல்போன், "மேடம்... மேடம்..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் மனைவி ஜெயம் உள்ளே போய்க் குழம்பை இறக்கி வைத்துவிட்டு, சாவகாசமாக வந்து போனை எடுத்தாள்.

"யாருடி அது?"

அவள் போனைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். "குலுக்கல்ல நமக்கு பிரிட்ஜ் விழுந்திருக்குதாம். வரி மட்டும் கட்டினா போதுமாம்."

மகள் சங்கவியை நர்சிங் சேர்க்க வைத்திருந்த கரும்புப் பணம் மொத்தமும் ஜெயத்தின் கணக்கில்தான் இருந்தது.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? திண்டிவனத்துல உன் தங்கச்சி இப்படித்தானே ஏமாந்தா? எவனோ தையல் மிஷின் தர்றேன்னு போன்ல சொன்னான்னு கம்மலை அடகு வெச்சுப் பணம் அனுப்பினா. சித்ரா செத்து மூணு மாசம் ஆவல, அதுக்குள்ள அக்கா ஆரம்பிச்சிட்டியா?"

ஜெயம் போனைக் காதில் வைத்தாள்.

"சொல்லு தம்பி. மொதல்லேர்ந்து சொல்லு. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"எத்தனை வாட்டி மேடம் சொல்றது? ஏடிஎம் கார்டு மேல இருக்கிற நம்பரைப் படிங்க!"

"கோச்சிக்காதப்பா, படிக்கிறேன். நாலு... ஏழு... அடுத்தது அழிஞ்சிருக்குது. எட்டா, மூணா, தெரியலியே..."

விருத்தாசலம் பாய்ந்து அவள் கையிலிருந்ததைப் பிடுங்கினார்.

அது துணி சோப்பின் காகித உறை.

அவர் விழித்தார். ஜெயம் மறுபடி போனைப் பொத்திக்கொண்டாள்.

"நேத்தும் இவன்தான் பண்ணான். ஒரு மணி நேரம் பேசினேன்."

"திருட்டுப் பயன்னு தெரியுதில்ல? கட் பண்ணிட்டு வேலையைப் பாரேன். நம்ம பணம் தப்பிச்சா போதாதா?"

"சித்ரா பணம் போன ஏக்கத்துலயா செத்தா? கோலியனூர் கல்யாணப் பந்தியில, 'நம்ம சித்ரா தையல் மிஷின் வந்திருச்சா, எனக்கொரு சட்டை தைப்பாளா'ன்னு கேட்டு எல்லாரையும் சிரிக்க வெச்சீங்க. பாதி இலையில எழுந்து போனவதான். அப்புறம் ஒரு விசேஷத்துக்கும் அவ வரல. யாருகிட்டயும் பேசல. சுகர் மாத்திரை போடுறதையும் விட்டுட்டா."

விருத்தாசலம் சோப்பு உறையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா, இல்லையா?"

"இருக்கிறேன் தம்பி. இதோ பாக்கறேன்" என்றாள் ஜெயம். பிறகு கணவரிடமிருந்து உறையை வாங்கிக்கொண்டு, மெல்லிய குரலில் சொன்னாள்:

"என்கிட்ட பேசிக்கினு இருக்கிற வரைக்கும், இவன் இன்னொருத்திக்குப் போன் போட முடியாதில்ல?"