வாய்க்குக் காவல்

"ஆண்டவரே, என் வாய்க்கு ஒரு காவல் வையும். என் உதட்டு வாசலைக் காத்துக்கொள்ளும். ஆமென்."

தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் செக்கர் அன்றும் பைபிளின் அந்தச் சங்கீத வசனத்தைத்தான் சொன்னாள். ஆறாவது நாளாக இதே வசனம்.

எங்கள் தையல் கம்பெனியில், மதியம் சாப்பிட்டதும் பட்டன் பெட்டிகள் அடுக்கிய அறையில் பத்து நிமிடம் ஜெபம் நடக்கும். ஏழு பேர் கூடுவோம். மூத்தவரான பெரியக்கா ஒரு சட்டம் போட்டிருந்தார். முதலில் வசனம். பிறகு அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு வேண்டுதல்.

"நம்ம இஷ்டத்துக்குப் பேசினா ஊர்வம்புலதான் போய் முடியும். அவர் சொன்ன வார்த்தையையே அவர்கிட்ட நீட்டிக் கேளுங்க" என்பார்.

அந்தச் சமயம் கம்பெனியில் ஒரு பிரச்சினை. ஒரு பண்டல், அறுபது சட்டை, திரும்பி வந்திருந்தது. நாற்பதாம் சைஸ் சட்டைக் காலரில் நாற்பத்திரண்டு என்று லேபிள். லேபிள் தைக்கிறவர்கள் நாங்கள் பதினாறு பேர். ஒவ்வொரு பண்டலோடும் தைத்தவளின் மெஷின் நம்பர் எழுதிய சீட்டு இருக்கும். இந்தப் பண்டலின் சீட்டை மட்டும் காணோம்.

"யாருன்னு தெரிஞ்சா அன்னைக்கே அவங்க வேலை போச்சு" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பண்டலைச் சரிபார்த்து அனுப்பியவள் செக்கர். தினமும் அவளைக் கூப்பிட்டுக் கேட்கிறார். அவள் வாயே திறப்பதில்லை.

ஆள் அகப்படாவிட்டால் பதினாறு பேரையும் வெளியே அனுப்பிவிட்டால்? எட்டாவதோடு நின்ற எனக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

செக்கர் யாரை மறைக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா! நாலாவது வரிசையில் லேபிள் தைப்பது அவள் தங்கை.

அன்றைக்கு என் முறை வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"மறைஞ்சிருக்கிறதெல்லாம் வெளிச்சத்துக்கு வரும்னு சொன்னீரே ஆண்டவரே! இங்க மறைச்சு வச்சிருக்கிறதையும் வெளியே கொண்டு வாரும். மறைச்சது அக்காவா இருந்தாலும், தங்கச்சியா இருந்தாலும் விட்டுடாதேயும்..."

பெரியக்கா இருமினார். "தங்கச்சி எந்த வசனத்துலம்மா வருது?"

நாலு பேர் சிரித்துவிட்டார்கள். செக்கர் சிரிக்கவில்லை.

கை கழுவும் இடத்தில் அவளை மடக்கினேன்.

"வாய்க்குக் காவல்னு தினம் யாரைடி குத்துற? வாயாடின்னா இந்தக் கம்பெனியில நான்தான்னு எல்லாருக்கும் தெரியும். நேராவே சொல்லேன்."

"ஐயோ, இல்லக்கா. அது எனக்குக் கேக்குறது."

"உனக்கு எதுக்கு? உன் வாய்தான் மூடியே கிடக்கே!"

"காவல் இருக்கிறதாலதான்க்கா மூடிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

திமிர். நானும் விடவில்லை. அடுத்த மூன்று நாளும் என் வெளிச்ச வசனத்தையே, குரலை உயர்த்திச் சொன்னேன்.

நாலாம் நாள் காலை மேனேஜர் அவளைச் செக்கிங் மேஜையிலிருந்து எடுத்துவிட்டார். புதிதாகச் சேருகிறவர்கள் உட்கார்ந்து நூல் வெட்டும் இடத்தில் போட்டார். அவள் மேஜை எனக்கு.

"பத்தொன்பது வருஷ அனுபவம். நீங்க பாருங்கம்மா" என்றார்.

வழியில் பெரியக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "பாத்தீங்களா? வசனத்தைப் பிடிச்சுக் கேட்டா பதில் வராம போகுமா?"

பெரியக்கா தன் மெஷினுக்குத் திரும்பினார்.

நான் போனபோது செக்கர் டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தாள். கத்தரிக்கோல், டேப், மூக்குக்கண்ணாடி, சின்ன பைபிள்.

"இப்பவாவது சொல்லிடு. தங்கச்சிக்காக உன் பொழப்ப ஏன் கெடுத்துக்கிற?"

"தங்கச்சி இல்லக்கா" என்றபடி பைபிளைப் பையில் திணித்தாள். அதிலிருந்து மஞ்சளாக ஒரு சீட்டு நழுவிக் கீழே விழுந்தது.

பண்டல் சீட்டு!

இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தோம். நான்தான் முந்தினேன்.

"பெரியக்கா! இங்க ஓடி வாங்க! மறைச்சது வெளிய வந்துடுச்சு!"

சத்தம் கேட்டு ரெண்டு மெஷின் நின்றன. சீட்டை விரித்துப் படித்தேன். அறுபது சட்டை. சைஸ் நாற்பது. மெஷின் நம்பர் பதினொன்று.

பதினொன்று என் மெஷின்.

"என்னம்மா ஆச்சு?" பெரியக்கா மூச்சிரைக்க வந்து நின்றார்.

நான் சீட்டை மடக்கிக்கொண்டேன். செக்கர்தான் சொன்னாள். "ஒண்ணுமில்ல பெரியக்கா. ஏதோ சீட்டு கீழ விழுந்துச்சு. அக்கா எடுத்துக் கொடுத்தாங்க."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"ஏன்டி சொல்லல?" நான் கேட்டது எனக்கே கேட்கவில்லை.

"சார் கேக்கும்போதெல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சுக்கா. எனக்கும் பயம்தானே. அதான் தினம் அந்த வசனம்." பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "அந்தப் பண்டல் தைச்ச அன்னைக்கு உங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். லீவு கிடைக்காம அழுதுக்கிட்டே தைச்சீங்க. நானும் உங்க மூஞ்சியத்தான் பாத்தேன். லேபிளப் பாக்கல."

சீட்டோடு போய் மேனேஜர் அறைக் கதவைத் தட்டினேன். ஒரு வசனமும் நினைவுக்கு வரவில்லை.

"நான்தான் சார்" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.