அணி மாறிய வாத்தியார்

"தேவநாதன் சார், என்னை அந்த அணியில போடாதீங்க. எதிரணிக்கு மாத்திடுங்க," என்றார் அரசுப் பள்ளித் தமிழாசிரியர் திருநாவுக்கரசு.

பட்டிமன்றச் செயலாளர் தேவநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார். "நல்லா இருக்குதே! தீவிரவாதத்துக்கு அநீதியே காரணம்னு நீங்க பேசறதா நோட்டீஸே அடிச்சாச்சு. அரை மணி நேரத்துல மேடை ஏறணும்."

"கடலூர்ல படிக்கிற எம் மகன் அறிவுமதிய பஸ் ஸ்டாண்டு சோதனையில புடிச்சிக்கினு போயி மூணு நாளாச்சு. புடிச்ச இன்ஸ்பெக்டர்தான் இன்னிக்குச் சிறப்பு விருந்தினர். அவர் எதிர்ல நின்னு அநீதி கினீதின்னு பேசுனா எம்புள்ள வெளிய வருவானா?"

"பெத்த மனசு," என்று இளகிய தேவநாதன், 'கடுமையான சட்டமே தீர்வு' அணியில் இருந்த கல்லூரி ஆசிரியை சிந்துஜாவிடம் பேசி இடத்தை மாற்றினார்.

மும்பைத் தாக்குதல் நடந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சிதம்பரம் தெற்கு வீதியில் உட்கார இடமில்லை.

சிந்துஜா முதலில் பேசினாள். "செய்யாத தப்புக்கு ஒருத்தன அஞ்சு வருஷம் உள்ள வெச்சிட்டு, நிரபராதி, போய்ட்டு வான்னு அனுப்பறோம். அவன் தம்பி மனசுல என்ன முளைக்கும்?"

நாலைந்து பேர் கைதட்டினார்கள்.

அடுத்துத் திருநாவுக்கரசு எழுந்தார். "பெண்ணாடத்துல கரும்பு வெட்டறவனுக்குந்தான் ஆயிரம் அநியாயம் நடக்குது. அவன் குண்டா வெச்சான்? குண்டு வெக்கிறவன அப்புறம் பாருங்க. அவனுக்கு நியாயம் பேசறான் பாருங்க, அவன மொதல்ல உள்ள தள்ளுங்க!"

விசில் பறந்தது. முன்வரிசையில் இன்ஸ்பெக்டர் கண்ணாயிரம்தான் முதலில் கைதட்டினார். கொடுத்த அணிக்குப் பேசிவிட்டுப் போகிற ஊரில், மனசாட்சியை யார் மேடைக்குக் கூட்டி வருகிறார்கள்?

கூட்டம் கலைந்ததும், போர்த்திய பொன்னாடையோடு இன்ஸ்பெக்டரிடம் ஓடினார் திருநாவுக்கரசு. "ஐயா, எம் மகன்..."

"உங்களுக்கு இப்பிடி ஒரு புள்ளையா சார்? அவன் மேல வேற ஒண்ணும் இல்ல. பையில இந்தக் காகிதம் இருந்துச்சு. துப்பாக்கி தூக்கறவன நாமதான் உருவாக்கறோம்னு பக்கம் பக்கமா கையால எழுதி இருக்குது. அவன் கையெழுத்தும் இல்ல. யாரு எழுதுனதுன்னு மூணு நாளா அடிச்சிக் கேட்டும் வாயத் தொறக்க மாட்டேங்கறான். எழுதுனவன் யாருன்னு தெரிஞ்சா பையன இப்பவே விட்டுடுவேன். உங்களுக்கு அடையாளம் தெரியுதா, பாருங்க."

திருநாவுக்கரசு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நான்கு பக்கங்களையும் நிதானமாகப் புரட்டினார்.

"தெரியலீங்க," என்றார்.

இதே பட்டிமன்றத்தில் பேசுவதற்காகப் போன வாரம் அவரே உட்கார்ந்து எழுதி, கடலூரில் டைப் அடித்து வாங்கிட்டு வாடா என்று மகனிடம் கொடுத்தனுப்பிய பேச்சு அது.