மூன்று நிமிடப் படத்தில் ஒரு பிழை

1986 ஒக்ரோபர் 18, சனிக்கிழமை, பின்னேரம் நாலரை மணி. ரொறன்ரோவில், வோபர்ன் பள்ளிக்கூட மண்டபத்தில் பதினொரு குறும்படங்கள். ஒன்பதாவது, குலசிங்கத்தினுடையது.

விழாவின் விதி எளிது. படம் மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. விழா நடத்தும் தமிழ்ச் சங்கம் வாடகைக்கு எடுத்த ஒரே ஒரு வீடியோக் கமரா; ஆளுக்கு ஒரு பின்னேரம். எடுத்தது எடுத்தபடிதான். வெட்டி ஒட்டும் வசதி ஒருவரிடமும் இல்லை. முதற்பரிசுப் படம் நகரின் நடுவில், டவுன்ரவுணில் நடக்கும் பெரிய குறும்பட விழாவுக்குப் போகும்.

குலசிங்கம் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன். சினிமா எடுக்கப் போவதாக ஊரில் சொல்லித் திரிந்தவன். அந்த டவுன்ரவுண் திரையில் தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தான்.

அதுவரை ஓடிய எட்டுப் படங்களில் ஏழில் யாரோ ஒருவர் அழுதார். குலசிங்கத்தின் படத்தில் ஒரு தாய், பனிக்காலக் காலையில் பிள்ளைக்கு உடுப்புப் போடுகிறாள். சுவெற்றர், அதன்மேல் உடம்பை முழுக்க மூடும் ஸ்னோ சூட், தொப்பி, கையுறை, சப்பாத்து. மூச்சு வாங்க ஸ்னோ சூட்டின் கடைசிச் சிப்பையும் இழுத்து மூடியதும் பிள்ளை சொல்கிறது:

"அம்மா, ஒண்டுக்கு வருது."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. படத்தில் தாயும் சிரித்தாள். சிரித்தபடியே தலையை நிமிர்த்தி நேரே கமராவைப் பார்த்தாள். தவறுதலாகப் பட்ட பார்வை இல்லை. நன்றாகவே பார்த்தாள்.

"அக்கா எங்களைப் பார்க்கிறா!" என்று பின்வரிசையில் யாரோ ஒருவன் கத்தினான். சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது.

"போன வருஷமும் உவ உதே வேலைதான் செய்தவ," என்றாள் பார்வையாளரில் ஒருத்தியான ஜெயமலர். "பிறகும் ஏன் உவவையே போடுறான்?"

பக்கத்தில் இருந்தவள் குனிந்து சொன்னாள். "ஏனெண்டு உனக்குத் தெரியாதாக்கும். அவன் கலியாணம் கட்டாதவன். உவ புருஷன் இல்லாதவ."

நடுவர் தியாகலிங்கம் மாஸ்டர். ஊரில் பள்ளிக்கூட நாடகப் போட்டிகளுக்குப் புள்ளி போட்டுப் பழகியவர். மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

"நல்ல கதை. ஆனால் நடிக்கிற ஆள் கமராவைப் பார்த்தால் படம் அதிலையே செத்துப் போச்சு. தங்கேஸ்வரி, உமக்கு உது தெரியாதோ?"

தங்கேஸ்வரி எழுந்தாள். மட்டக்களப்புக்காரி. உடுப்புத் தொழிற்சாலையில் தையல் வேலை.

"தெரியும் சேர். பிழைச்சுப் போச்சு."

"ஐசே குலசிங்கம், ரெண்டாந்தரமும் ஏன் இவவைப் போட்டனீர்?"

"வேறை ஆள் கிடைக்கேல்லை மாஸ்டர்."

மறுபடியும் சிரிப்பு. தங்கேஸ்வரி உட்கார்ந்தாள். அவளுக்காக அவன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

முதற்பரிசு பஸ்ரியனுக்குப் போனது. அவனுடைய படத்தில் மூன்று பேர் அழுதார்கள். ஒருவரும் கமராவைப் பார்க்கவில்லை.

விழா முடிந்து, கார் நிறுத்தும் இடத்தில் மாஸ்டர் குலசிங்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"கோபமோ?"

"சீச்சீ, இல்லை மாஸ்டர்."

"அந்த ஒரு பார்வை இல்லாட்டி முதலாம் இடம் உமக்குத்தான். தங்கேஸ்வரிக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுத்திருக்கலாமே?"

"சொல்லிக் குடுத்தனான். சிரிக்கேக்கை கமராவைப் பாருங்கோ எண்டு நான்தான் சொன்னனான்."

மாஸ்டர் நின்றுவிட்டார்.

"அவவின்ர மகள் ஊரில, தமக்கையோட. ஒண்டரை வயதில விட்டுட்டு வந்தவ. அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை, மகளைக் கூப்பிட ஏலாது. பிள்ளை பெரியம்மாவைத்தான் அம்மா எண்டு கூப்பிடுதாம். போனில கதைச்சா, 'நீங்க ஆரு?' எண்டு கேக்குதாம்."

"அப்ப தனிய ஒரு வீடியோ எடுத்து அனுப்பிறதுதானே?"

"முதல் எடுத்தது அதுதான் மாஸ்டர், ஒரு கமரா இரவல் வாங்கி. கதிரையில இருத்தி, மகளோட கதையுங்கோ எண்டன். முழுக்க அழுகை. அங்க வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துப் போட்டுக் காட்ட, பிள்ளை பயந்து வெளியில ஓடிப்போச்சாம். பிறகும் எத்தினை தரம் இருத்திப் பார்த்தன். சும்மா இருந்தா அழுகிறா. நடிக்கேக்கை மட்டும்தான் அவவுக்குச் சிரிப்பு வருது. அதாலை இந்தப் படத்தைத்தான் மகளுக்கு அனுப்புறம்."

மாஸ்டர் கார்ச் சாவியை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார்.

"உதை மேடையில ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐசே. சனம் என்னென்ன கதைக்குது தெரியுமோ?"

"தெரியும். ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டு அவதான் கேட்டவ. பெத்த பிள்ளைக்கே தன்னைத் தெரியாது எண்டு சனம் பாவம் பார்க்கிறதைவிட, நடிக்கத் தெரியாது எண்டு சிரிச்சிட்டுப் போகட்டுமாம்."

மாஸ்டர் கார்க் கதவைத் திறந்தார்.

"அடுத்த வருஷமும் பார்த்தா நான் புள்ளி வெட்டுவன். விதி விதிதான்."

"வெட்டுங்கோ மாஸ்டர்."

அடுத்த வருடமும் தங்கேஸ்வரி சிரித்தாள், கமராவைப் பார்த்தாள். மாஸ்டர் புள்ளியை வெட்டினார். மேடையில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

1988 யூன் 11ஆம் திகதி, ரொறன்ரோ விமான நிலையத்தில், ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி கூட்டிவந்தவரின் கையை விட்டுவிட்டு, காத்து நின்ற சனத்துக்குள் நேரே தங்கேஸ்வரியிடம் போனாள். பக்கத்தில் நின்ற குலசிங்கம் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.