பில்பெக் துப்பாக்கி

தோள்பட்டை இரண்டும் விண் விண்ணென்று தெறித்தன. காலையில் புகையிலை வெட்டி, மத்தியானம் விறகு பிளந்து, அதே தோளில் நீளத் துப்பாக்கியைப் போர்வையோடு சுமந்து மேடேறி வந்திருந்தாள் ஒசெல்லா. பட்டறை மேசையில் இறக்கிவைத்த பிறகும் விரல்கள் விரிய மறுத்தன.

"விக்கவா?" என்றார் துப்பாக்கி பழுதுபார்க்கும் வெர்லின், கடைவாய்க்குப் புகையிலையை ஒதுக்கிக்கொண்டு. "இதுக்கா இப்படி மூச்சு வாங்குற? வீட்டுல ஆம்பள யாரும் இல்லையா?"

"விக்க இல்லண்ணே. செஞ்சவன் பேரு தெரியணும். அது போதும்."

"வெறும் பேரை வெச்சு என்னம்மா பண்ணுவ? பீன்ஸோட போட்டு வேக வைப்பியா?"

ஒசெல்லாவின் மகன் கார்லிஸ், போன இலையுதிர் காலத்தில், சந்தையில் ஒரு வெளியூர் வியாபாரியிடம் இதையும் இதே மாதிரி இன்னொன்றையும் ஜோடியாக வாங்கினான். இரண்டும் ஒரே கை வேலை என்பதற்கு மேல் அந்த வியாபாரிக்கு ஒன்றும் தெரியாது.

மாட்டிறைச்சியைப் பரிசாக வைத்துச் சுடும் பந்தயத்தில் மற்றதை எடுத்துக் குறிபார்த்தான் கார்லிஸ். குழல் அடியோடு வெடித்தது. வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

"அந்தக் காலத்து இரும்பு, வெடிக்கத்தான் செய்யும். செத்தவன் குழியத் தோண்டியா நியாயம் கேட்பே?" என்று ஷெரீஃப் கையை விரித்துவிட்டார். ஆனால் கிழிந்த குழலில் துரு வெளிப்பக்கம் மட்டும்தான் இருந்தது; உள்ளே இரும்பு புதுசாக மின்னியது. "எவனோ உசிரோட இருக்கிறவன் செஞ்சதும்மா," என்று சுவரைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தான் மகன்.

செய்தவன் செத்தவனா, இருப்பவனா? அது தெரியாமல் இனி வீட்டுக்குள் நுழைய முடியாது. தொட்டுப் பார்த்தே எந்தப் பள்ளத்தாக்கு, எவன் கை என்று சொல்ல இந்த மலையில் வெர்லின் ஒருவர்தான் உண்டு என்றார்கள்.

வெர்லின் மருந்து இடிக்கும் திணிகோலைக் குழலுக்குள் நழுவவிட்டு, வெளியே வைத்து அளந்து பார்த்தார். உள்ளே பழைய வெடிமருந்து எதுவும் தங்கியிருக்கவில்லை. பிறகு கட்டையின் வளைவைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், குதிரை வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பது மாதிரி.

"பென்சில்வேனியாக்காரன் வேலைன்னா பித்தளை பளபளன்னு கண்ணைக் குத்தும். கரோலினாக்காரன் வெள்ளி பதிச்சு மினுக்குவான். இது எல்லாமே இரும்பு. குண்டுக்குப் பூசுற கொழுப்பு வைக்குற இடத்துக்குக்கூட மூடி இல்ல, வெறும் குழி. நம்ம டென்னசி மலைதான், சந்தேகமே வேணாம்."

"செஞ்சது யாருண்ணே?"

"விசைப் பூட்டுக்குப் பின்னால கட்டை எப்படி ஒடுங்குது பாரு. எஸ்ரா பில்பெக். அவன் செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு."

செத்தவன்தான். அப்படியென்றால் கேட்க ஆளில்லை.

"இதுக்கு முன்னாடி இந்தத் துப்பாக்கியப் பார்த்திருக்கீங்களா?"

"நானா? இன்னிக்குத்தான் கண்ணால பார்க்குறேன்."

"பேரு ஒண்ணும் வெட்டலியே. எவன் வேணா செஞ்சிருக்கலாமே?" மனசு ஆறாமல் அவள் கேட்டாள். "எனக்கென்னவோ அரைகுறை வேலை மாதிரி தெரியுது."

வெர்லின் முகம் சிவந்துவிட்டது. டப்பாவில் எச்சிலைத் துப்பினார்.

"அரைகுறையா? விறகு பிளக்குறவளுக்கு என்ன தெரியும்! குழலுக்கு அடியில, கட்டைக்குள்ள மறையுற இடத்துல, மூணு பிறை கொத்துறது பில்பெக் வழக்கம். இதுல நடுப்பிறைல உளி கொஞ்சம் வழுக்கியிருக்கு. குறைன்னா அது ஒண்ணுதான். மத்தபடி வேலைன்னா இதுதான் வேலை!"

"கழட்டிக் காட்டுங்க."

சிறு சுத்தியலால் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டி வெளியே தள்ளினார். குழலைக் கட்டையிலிருந்து தூக்கி, சன்னல் வெளிச்சத்தில் புரட்டிப் பிடித்தார்.

மூன்று பிறைகள் இருந்தன. நடுப்பிறையின் வால் ஓரம்வரை இழுத்துக்கொண்டு போயிருந்தது.

"பார்த்தியா? நான் என்ன சொன்னேன்!" தொடையில் தட்டிச் சிரித்தார் வெர்லின்.

ஒசெல்லா அந்த இழுப்பின் மேல் கட்டைவிரலை ஓட்டினாள். ஒருமுறை, மறுபடி ஒருமுறை. பிறகு நடந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"தாழ்ப்பாள் எதுக்கும்மா?"

"பில்பெக் மூணு பிறை கொத்துவான், சரி. இந்தக் குழல்ல உளி வழுக்கினது, கழட்டுறதுக்கு முன்னாடியே உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

சிரிப்பு பாதியில் அறுந்தது. வெர்லினின் கை மேசையில் சுத்தியலைத் தேடியது. அது அவள் கையில் இருந்தது.

"என் மகனோட வலது கை, வெர்லின். அது நீ தர வேண்டிய பாக்கி."