மூளி அம்மி

உடையப்பனின் கார் மூக்கு நசுங்கி வந்து நின்ற நாளிலிருந்துதான் மலைச்சாமிக்குச் சோறு ருசியாக இறங்கியது.

இருவரும் பங்காளிகள். அண்ணன் தம்பி பிள்ளைகள். பாகம் பிரித்தபோது காடு, கிணறு எல்லாம் சரிபாதி. ஆட்டுக்கல் உடையப்பனுக்கு, அம்மி மலைச்சாமிக்கு. அந்த அம்மியும் ஓரம் உடைந்த மூளி அம்மி என்பதை மலைச்சாமி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான்.

உடையப்பன் வடமதுரையில் வெங்காய மண்டி வைத்தான், ஓஹோவென்று வந்தான், அம்பாசடர் கார் வாங்கினான். மலைச்சாமி அதே காட்டில் அதே கொள்ளுப் பயறை விதைத்துக்கொண்டிருந்தான். அறுத்த கொள்ளுச் செடியைத் தார் ரோட்டில் பரப்பி வைத்தால், போகிற வருகிற வண்டிகள் ஏறிக் காய் உதிர்ந்துவிடும். அந்தப் பக்கத்துச் சம்சாரிகள் எல்லோரும் செய்வதுதான். பஸ் ஏறினால் மலைச்சாமிக்குச் சந்தோஷம், லாரி ஏறினால் இன்னும் சந்தோஷம். உடையப்பன் கார் ஏறினால் மட்டும் வயிறு எரியும்.

அந்தக் கார்தான் இப்போது ஒரு விளக்கு போய், மட்கார்டு சப்பையாகி, வாசலில் நின்றது. ராத்திரி வரும்போது புளியமரத்தில் மோதிவிட்டதாம்.

"நேரான ரோடு. புளியமரமா குறுக்க ஓடி வந்துச்சு?" என்று கேட்டு மலைச்சாமி ஊரைச் சிரிக்க வைத்தான்.

திண்டுக்கல்லிலிருந்து வந்த இன்சூரன்ஸ் ஏஜெண்ட் செபஸ்தியான் டீக்கடையில் இவனைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க அண்ணனுக்கு நீங்களாச்சும் சொல்லுங்க. தவறாம பிரீமியம் கட்டுறாரு. அடிபட்டதுக்கு எழுதிக் குடுங்கன்னா, பொறவு பாப்பம், பொறவு பாப்பம்னு தள்ளுறாரு. இந்த வாரத்தோட கெடு முடிஞ்சுரும்."

"எழுதிக் குடுத்தா என்ன ஆகும் சார்?"

"ரிப்பேர் செலவைக் கம்பெனி குடுத்துரும். எங்க, எதனால வண்டி மோதுச்சுன்னு எழுதணும். போலீஸ்ல வந்து விசாரிப்பாக. அம்புட்டுத்தான்."

போலீஸ் என்றதும் மலைச்சாமிக்கு டீ இனித்தது.

தானாக வருகிற பணத்தை ஒரு வியாபாரி வேண்டாம் என்கிறான் என்றால் என்ன அர்த்தம்? ஊரெல்லாம் மதுவிலக்கு. கள்ளச்சாராயம் குடித்துவிட்டு ஓட்டியிருக்கிறான். வேறென்ன?

அதை மலைச்சாமி யாரிடமும் அடித்துச் சொல்லவில்லை. "நமக்கெதுக்கு ஊர் வம்பு" என்று ஆரம்பித்தான், அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் ஊரே சொல்ல ஆரம்பித்துவிட்டது.

வீட்டில் மனைவி கருப்பம்மாளிடமும் அதே கதை. அவள் காதில் வாங்கவில்லை.

"அவுக காரு கெடக்கட்டும். கொள்ளு பறக்காம இருக்க ஓரத்துல பாரம் வைக்கிறேன்னு ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போனீகளே அம்மி, அதை எங்க? கொழம்பு வெஞ்சனத்துக்கு அரைக்க அடுத்த வீட்டுக்குப் போயிட்டு வாரேன் நானு."

"எவனாச்சும் களவாண்டுட்டுப் போயிருப்பான். மூளி அம்மிக்குக்கூட ஆசைப்படுற ஊரு இது."

மறுநாள் காலையில் மண்டியில் கூட்டமாக இருக்கிற நேரம் பார்த்துச் செபஸ்தியானைக் கூட்டிக்கொண்டு போனான்.

"அண்ணே, சார் நடையா நடக்குறாரு. எழுதிக் குடுத்துருங்க. மடியில கனமில்லேன்னா வழியில எதுக்குப் பயம்?"

உடையப்பன் இவனை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு ஏஜெண்டிடம் சொன்னான்.

"வேண்டாம் சார். தூக்கக் கலக்கத்துல நானே மோதிட்டேன். எம் பணத்துலயே சரி பண்ணிக்கிறேன்."

"தூக்கக் கலக்கமா, வேற கலக்கமா?" என்றான் மலைச்சாமி.

கூட்டம் சிரித்தது. மூட்டை தூக்குகிறவன்கூடத் திரும்பி நின்று சிரித்தான். உடையப்பன் முகம் கறுத்துப்போயிற்று. ஆனாலும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செபஸ்தியான் பையை மூடிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். கூட்டமும் கலைந்தது. ஜென்மம் சாபல்யமான மாதிரி மலைச்சாமியும் துண்டை உதறித் தோளில் போட்டான்.

"மலைச்சாமி, செத்த நேரம் நில்லு."

உடையப்பன் மண்டிக்கு வெளியே நின்ற காருக்கு நடந்து, பின்பக்க டிக்கியைத் திறந்தான். உள்ளே ஒரு சாக்கு கிடந்தது.

"பிரிச்சுப் பாரு."

மலைச்சாமி பிரித்தான். உள்ளே ஓரம் உடைந்த அம்மி. அதன் முதுகில் கறுப்பாக டயர் ஏறின தடம்.

"கொள்ளு அம்புட்டையும் அள்ளிக்கிட்ட. இதை நடு ரோட்டுல விட்டுட்டுப் போயிட்ட. கிட்டக்க வந்த பொறவுதான் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு. மேல ஏறி, வண்டி மரத்துக்கு இழுத்துட்டுப் போயிருச்சு. இது யார் பாகத்து அம்மின்னு எனக்கா தெரியாது?"

மலைச்சாமி சாக்கை மூடினான். "அண்ணே…" என்றான்.

உடையப்பன் டிக்கியை மெல்லச் சாத்தினான்.

"எதனால மோதுச்சுன்னு எழுதினாத்தான் பணம் குடுப்பாகளாம், தம்பி. நான் யார் பேரை எழுதட்டும்?"