மூன்று மணிக்குப் பதினொரு பேர்

இரும்புக் குப்பைத் தொட்டி முந்தின நாளே வந்து இறங்கிவிட்டது. லாரி நீளத்துக்கு டன்மோர் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் வாசலை அடைத்துக்கொண்டு, கொட்டும் பனியைத் தன்மேல் வாங்கிக்கொண்டு கிடந்தது.

உள்ளே, சங்கச் செயலாளர் லோர்னா டீச்சர் ஏழாவது தடவையாக உறுப்பினர்களின் தலைகளை எண்ணினார். பதினொன்று.

பன்னிரண்டு வேண்டும். இடத்தைத் தானமாகக் கொடுத்த எஃப்ரெய்ம் கிழவர் பத்திரத்தில் அப்படித்தான் எழுதிவைத்திருந்தார். ஆண்டுக் கூட்டத்தன்று மதியம் மூன்று மணிக்குப் பன்னிரண்டு உறுப்பினர்கள் உள்ளே இல்லையென்றால், கட்டடம் அவருடைய வாரிசுக்கே திரும்பிவிடும்.

அந்த வாரிசு, பேரன் ராண்டல், கூட்டத்துக்காகச் சமைத்து மேஜையில் வைத்திருந்த அவரைக்கொட்டைப் பானையில் கரண்டியை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். ஐம்பது வயது. பக்கத்திலிருக்கும் அவனுடைய கார் விற்கும் கடைக்கு வண்டி நிறுத்த இடம் போதவில்லை.

"அருமையான அவரைக்கொட்டை, டீச்சர். இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. நீங்களும் சாப்பிடுங்க."

லோர்னா போனை எடுத்தார். பழைய உறுப்பினர் பதிவேடு என்றைக்கோ வெள்ளத்தோடு போயாயிற்று. நினைவில் இருந்தவர்களை எல்லாம் அழைத்துப் பார்த்துவிட்டார். மிச்சம் பீட்ரிஸ் மட்டும்தான்.

"பீட்ரிஸ், எங்கடி இருக்கே?"

"பள்ளத்துல இருக்கேன்! வண்டி குப்புறக் கிடக்கு. எனக்கு ஒண்ணும் ஆகல. ஆனா நான் சுட்ட ஆப்பிள் கேக் பூரா என் மடியிலதான் இருக்கு."

லோர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்துவிட்டு ராண்டலிடம் திரும்பினார்.

"ராண்டல், ஒரு மணி நேரம் குடுப்பா. பனி அள்ளுற வண்டி வந்துட்டா ரோடு திறந்துடும்."

"தாத்தா எழுதினது, டீச்சர். மூணுன்னா மூணு."

"பெட்டிகளையாவது விட்டுவை. போருக்குப் போன பிள்ளைங்க வீட்டுக்கு எழுதின கடுதாசி மட்டும் நாலாயிரம் இருக்கு. எங்க கொண்டுபோய் வைப்பேன்?"

"அதுக்குத்தானே அவ்வளவு பெரிய தொட்டி? எல்லாம் கொள்ளும்."

தலைவர் ஹாலிஸுக்கு எண்பத்து நாலு வயது. கைத்தடியால் தரையைத் தட்டினார். "மூணாங்கிளாஸ்லயே இவனை நிறுத்திவச்சிருக்கணும், லோர்னா."

"வச்சிருக்கலாம். கணக்குல மட்டம். சுற்றுலா போனா தலை எண்ண இவனைத்தான் விடுவேன். ஒவ்வொரு தடவையும் ஒண்ணு குறையும். நான் பதறிப்போய் ஆத்தங்கரை பூரா தேடுவேன்."

ராண்டல் சிரித்தான். கரண்டியாலேயே சுவரில் இருந்த புகைப்படத்தைச் சுட்டினான். ஒரு வைக்கோல் வண்டி, அதில் கூடை கூடையாகக் குழந்தைகள். எஃப்ரெய்ம் தன் கையால் ஆணியடித்து மாட்டியது. சுண்ணாம்பு அடித்தபோதுகூட யாரும் அதைக் கழற்றவில்லை.

"அதோ, அழுது மூஞ்சி கோணி இருக்கே, அது நான்தான். ஊருக்கு இருநூறு வயசு ஆன வருஷம். அந்த வருஷம் பொறந்த பதினாலு பேரையும் தாத்தா ஊர்வலத்துல ஏத்திட்டாராம். வேலையத்த மனுஷன்."

சுவர்க் கடிகாரம் மூன்று அடித்தது.

ராண்டலே எழுந்து போய்க் கதவைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டான்.

"பத்திரப்படி, கதவு பூட்டுறப்போ உள்ள யார் இருக்காங்களோ அவங்கதான் கணக்கு. இனிமே யார் வந்தாலும் செல்லாது. அப்படித்தானே தலைவரே?"

"அப்படித்தான்டா," என்றார் ஹாலிஸ், தரையைப் பார்த்துக்கொண்டு.

ராண்டல் விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணினான். ஹாலிஸ், லோர்னா, சன்னலோர இரட்டையர், பின்வரிசையில் குல்லாவைக் கழற்றாத மூன்று பேர்... பதினொன்றுக்கு மேல் போகவில்லை.

வருகைப் பதிவேடு கைமாறியது. ஒருத்தர் கையெழுத்துப் போடும்போது காகிதத்தில் கண்ணீர் சொட்டியது. கடைசியாக ராண்டல் அதை வாங்கினான்.

"நானும் போடறேன். அப்புறம் நான் இங்க இல்லவே இல்லன்னு எவனாவது கோர்ட்டுக்குப் போவான்." பெரிய எழுத்தில் போட்டு, நேரத்தையும் குறித்தான்.

லோர்னா சுற்றிலும் இருந்த பெட்டிகளைப் பார்த்தார். நாற்பது வருடங்கள். அக்டோபர் தோறும் கல்லறைத் தோட்டத்தில் ஊர்க்கதை சொல்லிக்கொண்டு நடந்த நடை, வியாழன் தோறும் பெயர் தெரியாத படங்களைப் பரப்பி வைத்து "இது யார், அது யார்" என்று கேட்ட மாலைகள். எல்லாம் நாளைக் காலையில் தொட்டிக்குள்.

"அழாதீங்க டீச்சர். நான் அவ்வளவு கெட்டவன் இல்ல. ஞாபகத்துக்கு ஏதாவது ஒண்ணு எடுத்துக்குங்க."

லோர்னா அந்தக் குழந்தைகள் படத்திடம் போனார். மூன்றாங்கிளாஸ் ராண்டலைத்தான் அவருக்குத் தெரியும். கூடையில் கிடந்த ராண்டல் மேல் என்ன கோபம்? ஆணியோடு பிடுங்கினார். பின்பக்கத்து அட்டையில் தூசி. முழங்கையால் துடைத்தார்.

எஃப்ரெய்மின் கையெழுத்து.

'இந்தப் பதினான்கு குழந்தைகளும் இன்றுமுதல் சங்கத்தின் ஆயுள் உறுப்பினர்கள். சந்தாவை நான் கட்டிவிட்டேன்.' கீழே பெயர்கள். ஒன்பதாவது பெயரில் லோர்னாவின் விரல் நின்றது.

ராண்டல் கதவைத் திறக்கச் சாவியை எடுத்தான்.

லோர்னா அந்த அட்டையை அவன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"சுற்றுலாவுலயும் இப்படித்தான், ராண்டல். உன்னை விட்டுட்டுத்தான் எண்ணுவே."